புகை வீட்டுக்குப் போன ராஜாக்கள்

ஒரு வீட்டில் புருசனும் பெண்சாதியும் ஒத்துப்போகிற வரைக்கும், அங்கே இருக்கிற கிழவியிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ரெண்டு பேரும் முட்டிக்கொண்டால்தான் "நீங்களே சொல்லுங்க" என்று நம் பக்கம் திரும்புவார்கள். அப்படித் திரும்பும்போது புத்தியுள்ளவள், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட வேண்டும். நான் போகவில்லை. நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இது நடந்து சில வருசம்தான் ஆகிறது. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. இள ரத்தம். (எழுபதைத் தாண்டிய பிறகுதான் கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது.)

நாங்கள் இருப்பது தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். தோட்டத்தின் மேல் பாதி தேயிலை, கீழ்ப் பாதி ரப்பர். நான் மேல் பாதிக்காரி. மலையில் கொழுந்து எடுத்தேன். பிறகு பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை பார்த்தேன். பேர் வெட்டுகிற வரைக்கும் (ஓய்வு பெறுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என் வேலையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ் போர்டை வாசித்து முடிப்பதற்குள் சில நேரம் பஸ் போய்விடும், அவ்வளவுதான்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கச்சி மகள் கோகிலாவோடு இருக்கிறேன். அவள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அவள் புருசன் சிவநேசன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தெரணியகலையில் அரசாங்க கிளார்க். தங்கமானவர். ஆனால் ஒன்று சரி என்று நினைத்துவிட்டால் மலையே சரிந்தாலும் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். கோகிலாவும் அப்படித்தான். இவர்கள் ரெண்டு பேருக்கும் பிறந்த யாழினி எப்படி இருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த யாழினி ஜம்பு மரத்தில் ஏறி, விழுந்து, காலை முறித்துக்கொண்டாள். துடைவரை பிளாஸ்டர். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போக மலைப்படி இறங்க வேண்டும். பிறகு பஸ்ஸில் தொங்க வேண்டும். அந்தக் காலோடு நடக்கிற காரியமா? பள்ளிக்கூடம் நின்றுபோனது. கோகிலா பள்ளிக்கூடத்து அதிபரைப் போய்ப் பார்த்து, வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறேன் என்று கேட்டாள். அவர் நல்ல மனுசன். "சரி, வருசக் கடைசிப் பரீட்சையை மட்டும் இங்க வந்து எழுதட்டும். எல்லாப் பாடத்துலயும் தேறினா கூட்டாளிகளோட மேல் வகுப்புக்கு வரட்டும். இல்லேன்னா இன்னொரு வருசம் அதே வகுப்புதான்" என்றார்.

கணக்கு வந்தது. தமிழ், இங்கிலீஷ், சிங்களம் எல்லாம் வந்தது. வரலாறு மட்டும் வரவே இல்லை. புத்தகத்தைத் திறந்தால் பிள்ளை கொட்டாவி விடும். அதைப் பார்த்து நானும் விடுவேன்.

"செத்துப் போனவங்க பேரையெல்லாம் நான் எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? அவங்களுக்கு என் பேரு தெரியுமா?" என்று கேட்டாள் ஒரு நாள். கோகிலா புத்தகத்தை மூடினாள். எனக்கு வந்த பதில் பிள்ளைகள் முன்னால் சொல்லக்கூடியது இல்லை.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. வரக்காப்பொலயில் ஒரு டீச்சரம்மா, தன் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தவர். வரலாற்றுக்கென்று சாமான் எல்லாம் கையாலேயே செய்து வைத்திருந்தார். ராஜாக்களின் படம் போட்ட அட்டைகள். துண்டு துண்டாக வெட்டிய இலங்கைப் படம். துணியில் காகிதம் ஒட்டிய ஒரு நீளச் சுருள். அதில் எந்த ராஜாவுக்குப் பிறகு எந்த ராஜா என்று வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு ராஜதானிக்கும் ஒரு நிறம் அடித்திருந்தார். கோகிலா எப்படியோ அவரைப் பிடித்துக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

டீச்சரம்மாவின் கட்டளை இது. "ஒரு மாசம் வெச்சுப் பாருங்க. பிள்ளைக்கு உதவுதுன்னா வருசக் கடைசி வரைக்கும் வெச்சுக்குங்க. உதவலேன்னா நான் வர்றப்ப மறைக்காம சொல்லிடுங்க. கித்துல்கலையில இன்னொரு பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு. ஆனா, குடுத்த மாதிரியே வரணும்."

சிவநேசன் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"கோகிலா, உது தேவையில்லாத வேலை. அரசாங்கம் தந்த புத்தகம் இருக்கு. நாங்கள் புத்தகத்தை மட்டும் படிச்சுத்தானே வந்தனாங்கள்?"

"படிச்சீங்க. இப்ப கேட்டா சொல்லுவீங்களா? அந்தப் பெரிய குளத்தைக் கட்டின ராஜாவுக்கு முன்னால யாரு ராஜா?"

சிவநேசன் கூரையைப் பார்த்தார். கூரையில் எழுதியிருக்கவில்லை. "அது அப்ப தெரியும்" என்றார்.

"பார்த்தீங்களா!"

"சரி, படத்தைக் காட்டினா மட்டும் பிள்ளை படிச்சிடுமோ? விளையாடும். நாள் போகும், பரீட்சை வரும், பிறகு நீர்தான் அழுவீர்."

"விளையாடியாச்சும் படிக்கட்டுமே!"

"எனக்கு எது வேணும்னு என்கிட்ட யாரும் கேட்க மாட்டீங்களா?" என்றாள் யாழினி, பிளாஸ்டர் காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு. "படிக்கப் போறது நான்தானே?"

"நீ சும்மா இரு!" என்றார்கள் ரெண்டு பேரும். அந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமை.

பிறகுதான் அந்தத் திரும்பல். கோகிலா என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, பகல் முழுக்க பிள்ளை உங்க கண்ணு முன்னாலதான இருக்கு. நீங்க சொல்லுங்க. பெட்டி வேணுமா, வேணாமா? நீங்க சொல்றதுதான் முடிவு."

"ஓம் பெரியம்மா, நீங்களே சொல்லுங்கோ. எனக்கும் சம்மதம்" என்றார் சிவநேசன்.

என் வாழ்க்கையில் தோட்டத்துத் துரை என்னைக் கேட்டதில்லை, கங்காணி கேட்டதில்லை, கட்டின மனுசன் கேட்டதே இல்லை. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

யோசிக்க யோசிக்க அதில் இருந்த சுகம் எனக்குப் பிடிபட்டது. மறுநாள் சிவநேசன் டவுனிலிருந்து வரும்போது எனக்கு நல்ல இளம்பச்சை வெற்றிலை வாங்கி வந்தார். "சும்மாதான் பெரியம்மா, கண்ணில பட்டுது" என்றார். அதற்கு மறுநாள் கோகிலா, நான் கேட்காமலேயே கருவாட்டுக் குழம்பில் எனக்கென்று நடுத்துண்டு எடுத்து வைத்தாள். (லஞ்சம்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சாப்பிட்டேன்.) ஒரே நாளில் முடிவைச் சொல்லிவிட்டால் வெற்றிலையும் நின்றுவிடும், நடுத்துண்டும் நின்றுவிடும். அவசரப்பட நான் என்ன முட்டாளா?

ஆனாலும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புத்தகத்தைக் கொடுத்தால் தூங்கினாள். பெட்டியைக் கொடுத்தால் கண் பளிச்சென்று விழித்தது. அட, கோகிலா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். பார்த்தால், அட்டைகளைப் பரப்பி ராஜாக்களுக்குக் கல்யாணம் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பெரியாத்தா, இவருக்கு மீசை நல்லா இருக்குல்ல? இந்த ராணிய இவருக்குக் குடுத்துருவோம்."

"பொருத்தம் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டேன் நான். முடிவெடுக்க வந்தவள் கேட்கிற கேள்வியா அது? அந்தப் பகலில் ஒன்பது கல்யாணம் முடித்தோம். அதில் ஒரு மாப்பிள்ளை, பெண் பிறப்பதற்குப் பல நூறு வருசத்துக்கு முன்னாலேயே செத்துப் போனவராம். கோகிலா சொல்லித்தான் தெரியும்.

சாயந்தரம் சிவநேசன் மகளைச் சோதித்தார். "எங்க சொல்லு பாப்பம், அந்தப் பெரிய குளத்தைக் கட்டினது ஆர்?"

"பச்சைக் கட்டத்துல இருப்பாரே, அவருதான்."

"பெயர்?"

"பச்சையில மூணாவது ஆளு."

"பரீட்சைத் தாளில பச்சை இருக்காது பிள்ளை."

புத்தகம் பிள்ளையைத் தூங்க வைத்தது. பெட்டி பிள்ளையை விளையாட வைத்தது. ரெண்டும் படிக்க வைக்கவில்லை. அப்போதே நான் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் நாட்டாமை முடிந்துபோகுமே! "இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றேன்.

மாசம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை யாழினிக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிளினிக். காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும் என்று, வியாழக்கிழமை மத்தியானமே மூன்று பேரும் கிளம்பினார்கள். அங்கே சிவநேசனின் கூட்டாளி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வருவதாக ஏற்பாடு. போகும்போது கோகிலா சொன்னாள்: "பெரியம்மா, வந்ததும் முடிவச் சொல்லிடணும். சரியா?"

தனியாக இருந்தேன். பெட்டியை உள்ளேயே வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் உள்ளே வைத்துப் பார்த்தால் நான் பார்க்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? வாசலில் பெஞ்சைப் போட்டு, சுருளை விரித்து, அட்டைகளைப் பரப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துரை மாதிரி நடந்தேன். பக்கத்து வீட்டு முத்தம்மா தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போனவள், நின்றாள்.

"என்னக்கா, கடை போட்டிருக்கியா?"

"கடையா? படிப்பு விசயம். எது வேணும், எது வேணாம்னு முடிவு பண்ணணும். என்கிட்ட விட்டுருக்காங்க."

"உன்கிட்டயா!" முத்தம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டாள். "எங்க வீட்டுல பருப்பா கீரையான்னு கூட என்னைய கேட்க மாட்டாளுக. வாக்கா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. விவரமா சொல்லு."

இப்படி ஒருத்தி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? போனேன். விவரமாகச் சொன்னேன். தேத்தண்ணி ரெண்டாவது தடவையும் வந்தது. தெரணியகலை மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. தூறல் என்ற வழக்கமே எங்கள் ஊர் மழைக்குக் கிடையாது. குடத்தைக் கவிழ்த்த மாதிரி விழுந்தது. நான் விழுந்தடித்து ஓடி வந்தபோது, ராஜாக்கள் எல்லோரும் வாசலில் மிதந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் சாக்கடை வரைக்கும் போய்விட்டார்.

அள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பிழிய முடியாது. வெயில் என்பது எங்களுக்கு விருந்தாளி. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் நாலு அட்டைக்குத்தான் இடம். "குடுத்த மாதிரியே வரணும்" என்ற குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்தபோதும் மழை விட்டபாடில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கீழ்ப் பாதியில் ரப்பர் புகை வீடு இருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் அழுத்தி, ஈரமான வெள்ளை ஷீட்டுகளாக உள்ளே கம்புகளில் தொங்கவிடுவார்கள். கீழே விறகு புகைந்துகொண்டே இருக்கும். எந்த மழையிலும் அந்த ஷீட்டு காய்ந்துவிடும். ஷீட்டு காயும்போது ராஜா காயமாட்டாரா?

எல்லாவற்றையும் கொழுந்துச் சாக்கில் போட்டு, மேலே பொலித்தீனைப் போர்த்தி, தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். புகை வீட்டைப் பார்த்துக்கொள்வது பியதாச. சிங்களப் பையன் என்றுதான் சொல்வேன். அவனுக்கும் ஐம்பது வயது இருக்கும். சாக்கைத் திறந்து பார்த்ததும் அவன் கண் பெரிதாகிவிட்டது.

"எப்பா ஆச்சி, எப்பா!" என்று தலையை ஆட்டினான். வேண்டாமாம். பிறகு அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "இது ரப்பருக்குப் புகை. கடதாசிக்கு சரி இல்ல."

நான் இடுப்பில் கை வைத்தேன். "தம்பி, நான் எத்தனை வருசம் கொழுந்து வாட்டினவ தெரியுமா? ஈரத்த எப்படி எடுக்குறதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவன் என்ன செய்வான், பாவம். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். வீட்டிலிருந்து கொண்டுபோன துணிக் கிளிப்புகளால் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். சுருளை இரண்டு கம்பு நீளத்துக்கு விரித்துப் போட்டேன். மேல் கம்பு எனக்கு எட்டவில்லை, கீழ்க் கம்புதான். மேலே அன்றைக்கு அழுத்திய புது ஷீட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பெக்டரி மாடியில் ஈரத்தை எடுப்பது காற்று. எடுத்துக்கொண்டு போய்விடும். இங்கே எடுப்பது புகை. அது ஈரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் குடியிருக்கும். மேல் பாதிக்காரிக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. கீழ்ப் பாதியிலிருந்து வருகிற ஷீட்டு ஏன் தேன் நிறத்தில் இருக்கிறது என்று இத்தனை வருசத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டாமா? ரப்பர்க்காரர்களிடம் போய் நாம் என்ன கேட்பது என்ற பெருமைதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். பியதாச கதவைத் திறந்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், எழவு வீட்டில் நிற்கிற மாதிரி.

காய்ந்திருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. எல்லா ராஜதானியும் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தது. அட்டைகள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து நின்றன. ஷீட்டிலிருந்து சொட்டியது பட்ட இடமெல்லாம் பசை. சாக்கடை வரைக்கும் போய் வந்த ராஜாவுக்கு அம்மை போட்ட மாதிரி முகம். ஒரு அட்டை கிளிப்பிலிருந்து நழுவி, பக்கத்தில் தொங்கிய ஒரு ஷீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பியதாச மெல்லப் பிய்த்தான். ராஜாவின் முதுகு கையோடு வந்தது. முகம் ரப்பரோடு நின்றுவிட்டது.

"யாரு இது?" என்று கேட்டான்.

"ராஜா."

"ராஜா தெரியுது ஆச்சி. எந்த ராஜா?"

எனக்கு எப்படித் தெரியும்? அவன் அந்தத் துண்டை மட்டும் ஷீட்டிலிருந்து வெட்டிக் கழிவு ரப்பர் கூடையில் போட்டான். அந்த ராஜா இப்போது எந்த லொறி டயரில் சுற்றிக்கொண்டிருக்கிறாரோ!

சாயந்தரம் மூன்று பேரும் வந்தார்கள். வாசல் படியிலேயே சிவநேசன் மூக்கை உயர்த்தினார்.

"என்ன பெரியம்மா, வீட்டில டயர் எரிச்சனீங்களோ?"

கோகிலா உள்ளே வந்து, "முடிவு பண்ணிட்டீங்களா பெரியம்மா?" என்றாள்.

நான் பெட்டியைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னேன். கோகிலா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அழுதாள். "அவங்க கையால செஞ்சது பெரியம்மா. கித்துல்கல பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது? நம்மள நம்பித்தான குடுத்தாங்க?"

என் தலை கவிழ்ந்துபோனது. இத்தனை வருச வேலையில் கவிழாத தலை. "என்னையப் புகை வீட்டுல தொங்க விட்டுருங்கடி" என்றேன்.

சிவநேசன்தான் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்து பாதி தெரியுது" என்றார். "மிச்சத்தைப் புத்தகத்தில பாத்து எழுதலாம். யாழினி, வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டா. கோகிலா, அழுறதை நிப்பாட்டும். நாளைக்குச் சனிக்கிழமைதானே."

பெட்டியே வேண்டாம் என்று சொன்ன மனுசன், மறுநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் அமர்ந்தார். யாழினி காலை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நிறம் போய்விட்டதால் எந்த ராஜா எந்த ஊர் என்று பார்த்தவுடனே தெரியாது. ஒவ்வொருவரையும் புத்தகத்தில் தேட வேண்டியிருந்தது.

"அப்பா, இவருக்குப் பிறகு இவர் இல்ல. இவரு தம்பி. நடுவுல மகன் வரணும்."

"புத்தகத்தில பார்."

"பார்த்துட்டேன். மகன் ஆண்டிருக்காரு. அவரைக் கொன்னுட்டுத்தான் தம்பி வந்திருக்காரு."

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். "யாரு யாரைக் கொன்னது?"

"சித்தப்பா, அண்ணன் மகனை, பெரியாத்தா."

"அடப்பாவி! சொத்துக்கா?"

"நாட்டுக்கு."

"அதுவும் சொத்துதான். அந்தப் பிள்ளையோட ஆத்தா என்ன ஆனா?"

யாழினி புத்தகத்தைப் புரட்டினாள். அது புத்தகத்தில் இல்லை. "அதப் போடாம விட்டுட்டாங்க" என்றாள் கோபத்தோடு. சிவநேசனுக்கும் கோபம் வந்தது. அன்று முழுவதும் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. எங்கள் பழைய பெரிய கங்காணி வீட்டுச் சண்டை எனக்கு ஞாபகம் வந்தது. பங்காளிகள் எல்லாக் காலத்திலும் பங்காளிகள்தான். இவர்களுக்குக் கொஞ்சம் யானை அதிகம், அவ்வளவுதான். நான் கேட்கக் கேட்க யாழினி தேடித் தேடிச் சொன்னாள். தேத்தண்ணி ஆறிப்போனது. கொட்டாவி ஒன்றுகூட வரவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

சாயந்தரம் ஆனபோது யாழினி, "ஒருத்தர் குறையுறாரு" என்றாள்.

நான் அடுப்படிக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். கழிவுக் கூடைக்குப் போனவர்!

"ஆளு யாருன்னு தெரியல. ஆனா இந்த ரெண்டு பேருக்கு நடுவுல வருசம் இடிக்குது. யாரோ ஒருத்தர் ஆண்டிருக்கணும்" என்றாள். புத்தகத்தில் விரலை வைத்து இறங்கினாள். திடீரென்று கத்தினாள்: "கண்டுபிடிச்சிட்டேன்! அந்த மீசைக்காரரு! நம்ம கல்யாணம் கட்டி வெச்சோமே, அவரு!"

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவின் த்ரீவீல் சத்தம் கேட்டதும் நான் பின்பக்கமாகப் போய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கோழிக்குத் தீனி வைப்பதாகப் பெயர். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பெரிய தும்மல். மறுபடி தும்மல்.

"இது யாரு செஞ்ச வேலை?"

என் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைக் கேட்ட பிறகு கோழிக்கூட்டுப் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. தலையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"நான்தான் டீச்சர். மழையில நனைய விட்டதும் நான், புகையில காய வெச்சதும் நான்."

டீச்சரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏன் ஆச்சி, ரப்பர்னு நினைச்சீங்களா?" என்று தொடங்கி, வைத்து வாங்கினார். நியாயமான பேச்சு, வாங்கிக்கொண்டேன். பேசி முடித்து, அட்டைகளைச் சுருளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர், ஒரு இடத்தில் நின்றார். "இங்க ஒருத்தரோட அட்டை இல்லையே. சுருள்ல பேரை எழுதி மட்டும் வெச்சிருக்கு. இது இவருன்னு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றாள் யாழினி. பிறகு, கேட்காமலேயே, அவருக்கு முன்னால் யார், பின்னால் யார், யார் யாரை ஏமாற்றியது, எந்த ஊரை விட்டு எந்த ஊருக்கு எதற்காகப் போனார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். டீச்சரம்மா குறுக்கே ரெண்டு கேள்வி கேட்டார். ரெண்டுக்கும் பதில் வந்தது. பச்சைக் கட்டம் என்ற சொல் வரவே இல்லை. கோகிலா சிவநேசனைப் பார்த்தாள். சிவநேசன் கூரையைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிப்பை மறைக்க.

"அப்ப முடிவு என்ன?" என்றார் டீச்சரம்மா. "பெட்டி உதவிச்சா, இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் என்னைத்தான் பார்த்தார்கள்!

"டீச்சர், புத்தகம் இருந்தப்பவும் படிக்கல. பெட்டி நல்லா இருந்தப்பவும் படிக்கல. பெட்டி கெட்டுப் போனப்புறம், அதைச் சரி பண்ண உக்காந்தப்பதான் படிச்சா. இதுல எதை வேணும்னு சொல்ல, எதை வேணாம்னு சொல்ல?"

"அதுக்காக ஊர்ல இருக்குற பெட்டியெல்லாம் புகை போட முடியுமா ஆச்சி?" என்றார் டீச்சரம்மா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நெஞ்சில் இருந்த கல் அப்போதுதான் இறங்கியது. இறங்கிய வேகத்தில் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

தண்டனை இல்லாமல் போகவில்லை. கித்துல்கலைப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு பெட்டி செய்ய வேண்டும், எல்லோருமாகச் சேர்ந்து. "கட்டத்தை மட்டும் போடுங்க. பேரை எழுதாதீங்க. அந்தப் பிள்ளையே தேடி எழுதட்டும். நிறம் அடிக்கிறது ஆச்சி பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாரக்கணக்கில் அடித்தேன். கோட்டுக்கு வெளியே போனால் யாழினி திட்டுவாள்.

வருசக் கடைசியில் பிளாஸ்டர் கழற்றிய காலோடு நொண்டிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினாள். அதிபர் பரீட்சை முடிவைச் சொன்ன அன்று, சிவநேசன் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே மலையேறி வந்து மூச்சு வாங்க நின்றார். "எல்லாத்திலயும் பாஸ் பெரியம்மா. வரலாற்றிலயும்." கோகிலா அழுதாள், இது வேறு அழுகை. நான் போய் வெற்றிலை எடுத்துக்கொண்டேன். அது என் சொந்தக் காசில் வாங்கிய வெற்றிலை. லஞ்சம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் எதைப் பற்றியாவது வாக்குவாதம் வந்தால், "என்ன, புகை போட்டிருவோமா?" என்று யாராவது கேட்பார்கள். உடனே அடங்கிவிடும். கதை தோட்டம் முழுக்கப் பரவி, கித்துல்கலை வரைக்கும் போய், சிங்களத்திலும் ஓடுகிறது. பியதாச இருக்கிறானே, அவனைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். தூரத்தில் என் தலை தெரிந்தாலே புகை வீட்டுக் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொள்வான். போன வாரம் தலையில் ஒரு பொட்டலத்தோடு அந்தப் பக்கமாக வந்தேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"ஆச்சி!" என்று கத்தினான். "வரலாறா?"

"இல்லப்பா" என்றேன். "கருவாடு."

கதவைத் திறந்துவிட்டான்.